சைபரில் நிற்காத உருளை

மூன்று நாளாக மழை விடவில்லை. துணி காயாத வீட்டுக்கென்று ஒரு வாடை உண்டு. அந்த வீட்டில் அதோடு ஈயப்பற்று உருகும் புகையும் சேர்ந்திருந்தது. முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் ஒரு பழைய மேசை, மேலே கழற்றிப்போட்ட மின்சாரப் பெட்டிகள், ஒரு தகரத் தட்டு நிறைய செத்துப்போன உதிரிகள். மேசைக்கு நேர் மேலே சுவரில் ஒரு ஹோல்டர், அதில் நூறு வாட்ஸ் பல்பு. பழுதுபார்த்த எந்தப் பெட்டியாக இருந்தாலும் அவர் கடைசியில் அதன் இரண்டு கம்பியையும் அந்தப் பல்பில் கொடுத்துப் பார்ப்பார். எரிந்தால் வேலை முடிந்தது. அதனால் தெருவில் அவருக்குப் பெயர் பல்பு. அவருக்கும் அந்தப் பெயர் தெரியும். கோபமில்லை. பதினொரு வருஷம் வேலை பார்த்த ஆலை மூடி எட்டு மாதமாக வீட்டில் இருப்பவனை அதைவிட மோசமாகவும் கூப்பிடலாம்.

அவர் மனைவி வாசலில் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் இடது கையில். வலது கட்டைவிரலின் மேல்புறம் நகத்தோடு சேர்த்துத் துணி சுற்றியிருந்தது.

"என்ன கையில?"

"சட்டி சுட்டுடுச்சு."

"எப்போ?"

"அடுப்புல நிக்கறவளுக்கு நேரம் குறிச்சு வெச்சா சுடும்? ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க."

அவர் ரொட்டியை டீயில் முக்கினார். அவள் சாப்பாட்டுத் தூக்கைப் பையில் வைத்து, குடையை எடுத்து, விரிக்காமல் நின்றாள்.

"ஏங்க, எங்க மெஷின்ல மாட்டின அந்தப் பெட்டி எல்லாத் துணிக்கும் ஒரே மாதிரிதானே நிக்கும்?"

"துணிக்கும் பெட்டிக்கும் என்ன இருக்கு? நாபை சைபர்ல வெச்சா கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லேன்னா மோட்டார் நிக்கும். அது உள்ள போறது வேட்டியா போர்வையான்னு பாக்குமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"ஏன், நிக்கலையா?"

"நிக்குது நிக்குது. உங்க பெட்டியை யாரு குத்தம் சொன்னா?"

"பல்புல போட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். நாபை இறக்க இறக்க மெழுகுவத்தி ஊதின மாதிரி அணைஞ்சுது. நீயும்தானே பக்கத்துல நின்ன?"

"நின்னேன்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. எட்டு மாதமாக யாரும் அவர் வேலையைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. கேட்க வேலை இல்லை. காசுக்கு வந்த முதல் வேலையிலேயே சொந்த மனைவி நொட்டை சொல்கிறாள் என்று நினைத்தார். ரொட்டியின் கடைசித் துண்டு டீக்குள் விழுந்து கரைந்தது. எடுக்காமல் அப்படியே குடித்தார்.

அவள் வேலை செய்த இடம் பெரிய சலவைக்கூடம். விடுதிகளின் விரிப்புகளும் ஆஸ்பத்திரிகளின் கம்பளிகளும் அங்கேதான் வரும். அவள் நிற்பது தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால். ஆள் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு நீளமாக ஒரு உருளை, அதன் அடியில் பள்ளமாக வளைந்த சூட்டுத்தகடு. ஈர விரிப்பின் விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துப்பிடித்து உருளைக்கும் தகடுக்கும் நடுவில் கொடுத்தால், அந்தப் பக்கம் காய்ந்து, மடிப்பில்லாமல் வெளியே வரும். உருளையைச் சுற்றும் மோட்டாருக்கு வேகம் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி. பெட்டியின் முகத்தில் ஒரு குமிழ், பேச்சில் அது நாப்.

அந்தக் கூடத்தில் இருபது வருஷமாக ஒரு பழக்கம். துணி உள்ளே போகும்போது சுருக்கம் விழுந்தால் இடது கையால் குமிழைச் சைபருக்குக் கொண்டுபோவார்கள். உருளை நிற்கும். வலது கையை உருளையின் வாய்க்குள் விட்டுச் சுருக்கத்தை நீவி எடுத்துவிட்டு மறுபடி குமிழை ஏற்றுவார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இது நடக்கும். பார்க்காமலே செய்வார்கள், பேச்சு நிற்காது. சிவப்புப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அமுக்கினால் உருளை நிற்பதோடு தகட்டின் சூடும் அணையும், திரும்பச் சூடேற அரைமணி நேரம் ஆகும், திட்டு விழும். அதனால் யாரும் அமுக்கியதில்லை. பஞ்சுத்தூசி படிந்து பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. விரல் உள்ளே போகாமல் தடுக்கும் கம்பியையும் கனத்த கம்பளி நுழையவில்லை என்று எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டி பத்து நாள் முன்பு புகைந்து நின்றபோது, மேற்பார்வை பார்க்கும் விசில் அக்காவிடம் இவள்தான் போய் நின்றாள். கூடத்தின் இரைச்சலில் குரல் எடுபடாது என்று அந்தம்மா கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். "எங்க வீட்டுக்காரர் செய்வாருக்கா. நான் பொறுப்பு" என்றாள். "நீ பொறுப்புன்னா குடுக்கறேன்" என்றார் விசில் அக்கா. அப்படித்தான் பெட்டி வீட்டுக்கு வந்தது. கூடவே, முன்பே செத்து மூலையில் கிடந்த அதே மாதிரி இன்னொரு பெட்டியும் வந்தது. முதலாவதைச் சரிசெய்து மாட்டி நான்கு நாள் ஆகிறது. இரண்டாவது இப்போது மேசைமேல் இருந்தது. நேற்றிரவு அதையும் முடித்துவிட்டார். பல்பு எரிந்தது, அணைந்தது.

பத்து மணிக்கு மனைவியின் அண்ணன் வந்தார். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். மழைக்கோட்டுக்குள் குழந்தையைப் போல ஒரு மோட்டாரைக் கட்டிப்பிடித்துக் கொண்டுவந்தார்.

"மாப்ள, வீட்டுக்குள்ளயே நின்ன இடத்துல நடக்கிற மெஷினு மோட்டாரு. ஒரு பெரிய மனுஷன் வீட்டுது. அவரு நடந்து இளைச்சாரோ இல்லையோ, இது இளைச்சுப்போச்சு. புதுசாச் சுத்தியிருக்கேன். உன் பெட்டியில ஓட்டிப் பாக்கணும்."

"வாங்க மச்சான். துடைச்சுட்டு வைங்க, மேசையெல்லாம் ஈரமாகுது."

"என் தங்கச்சி எங்க?"

"வேலைக்குப் போயிட்டா."

"நல்லவேளை. டீ கேட்டா, உன் வீட்டுல டீத்தூள் இல்லையான்னு கேப்பா."

இரண்டாவது பெட்டியில் மோட்டாரைக் கொடுத்தார்கள். பல்பு குமிழைத் திருப்பினார். மோட்டார் மெல்ல முனகி எழுந்து, வேகம் பிடித்து, மேசையை அதிரவைத்தது. குமிழைச் சைபருக்குக் கொண்டுவந்தார். நின்றது.

"பாத்தீங்களா? வெண்ணெய் மாதிரி."

"வெண்ணெய் இருக்கட்டும். சும்மா சுத்துறதுக்கு என் பொண்டாட்டிகூடத்தான் சுத்துவா. பாரம் குடுத்தாத்தானே கம்பி சுடுதான்னு தெரியும்."

அண்ணன் ஒரு கட்டைச் சட்டத்தை எடுத்து மோட்டாரின் சக்கரத்தில் வைத்து அழுத்தினார். மோட்டார் திணறியது. கட்டை தேய்ந்து கருகும் வாடை வந்தது. ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திருந்துவிட்டு,

"போதும், நாபை இறக்கு மாப்ள" என்றார்.

"இறக்கிட்டேன்."

"முழுசா இறக்கு."

"சைபர்ல இருக்கு மச்சான்."

"அப்ப இது யாரு வீட்டுக் கரண்ட்ல ஓடுது?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முழு வேகம் இல்லை. பாதி வேகம், ஆனால் தளராத பாதி. பல்பு குமிழை ஏற்றி இறக்கினார். ஏற்றினால் கூடியது. இறக்கினால் பாதிக்கு வந்து அங்கேயே நின்றுகொண்டது. அதற்குக் கீழே போகவில்லை. அண்ணன் பயந்து கட்டையை எடுத்தார். மோட்டார் ஒரு சுற்று துள்ளியது. பிறகு தானாகத் தளர்ந்து நின்றது.

"நாப் லூசா?"

"இல்ல."

"மறுபடி வை."

மறுபடி வைத்தார்கள். அதேதான். கட்டையால் பிடித்தால் சைபரிலும் ஓடியது. விட்டால் நின்றது. மூன்றாம் முறை பல்பு மீட்டரை எடுத்து, பெட்டிக்குள் தைரிஸ்டரின் கேட் காலில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஓடச்சொல்லும் தட்டு எதுவும் வரவில்லை. வெளியே போகும் கம்பியில் வைத்தார். நூறு வோல்ட் காட்டியது.

தைரிஸ்டர் என்பது ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு. கேட்டில் ஒரு சின்னத் தட்டு விழுந்தால் திறக்கும். திறந்தபின் தட்டியவன் மூட முடியாது. உள்ளே ஓடும் கரண்ட் தானாக அற்றுப்போனால்தான் மூடும். வீட்டுக்கு வரும் கரண்ட் நொடிக்கு நூறு தரம் சைபரைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஒவ்வொரு தொடலிலும் கதவு மூடிக்கொள்ளும். அடுத்த அலையில் எத்தனை சீக்கிரம் தட்டுகிறோம் என்பதுதான் குமிழின் வேலை. சீக்கிரம் தட்டினால் அலை முழுக்க உள்ளே போகும், தாமதமாகத் தட்டினால் வால் மட்டும் போகும், தட்டாமலே விட்டால் ஒன்றும் போகாது. சுவரில் எரியும் பல்புக்கு அவ்வளவுதான். பல்புக்கு ஞாபகம் கிடையாது. அலை செத்தால் அதன் கரண்டும் செத்துவிடும்.

மோட்டார் அப்படி இல்லை. சுருள் சுருளாகக் கம்பி, அதோடு பெட்டிக்கு அடியில் சோக் என்று இன்னொரு கனத்த சுருள். பாரம் ஏறினால் அதில் ஓடும் கரண்ட் உடனே நிற்காது. ஓடிய வேகத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும். அது சுற்றிவந்து அடங்குவதற்காக வெளியே தனியாக ஒரு டயோடு போட்டிருப்பார்கள். அந்தச் சந்தில் அது போய்விட்டால் கதவு மூடிக்கொள்ளலாம். சந்து இல்லையென்றால் அது கதவு வழியாகவே சுற்றும். கதவு மூடாது. மூடாத கதவுக்குத் தட்டு எதற்கு? அடுத்த அலை தட்டாமலே உள்ளே வரும். ஒரு அலை விட்டு ஒரு அலை, முழுசாக. பாதி வேகம் அதுதான்.

இது எல்லாம் அவருக்குத் தெரியும். புத்தகத்தில் படித்தது இல்லை, ஆலையில் கிழவன் ஒருவன் வைதபடி சொன்னது. தெரிந்தும் மறந்திருந்தார்.

அண்ணன் தகரத் தட்டைக் கிளறி, கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு டயோடை எடுத்தார். நடுவில் வெடித்துக் கறுத்திருந்தது. பக்கத்திலேயே அதன் ஜோடியும் கிடந்தது.

"இது ரெண்டும் எங்கேருந்து கழட்டினது?"

பல்பு மீட்டரின் கம்பியைச் சுற்றினார்.

"மாப்ள, உன்னைத்தான்."

"ரெண்டு பெட்டியிலேருந்தும். எரிஞ்சு ஷார்ட் ஆகியிருந்துது. புதுசு கிடைக்கல. கழட்டிட்டுப் போட்டுப் பாத்தேன், ஓடுச்சு. வந்ததும் மாட்டிக்கலாம்னு..."

"எதுல போட்டுப் பாத்த?"

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். பல்பு அணைந்து, தூசியோடு, ஒன்றும் தெரியாததுபோல் தொங்கியது.

"அங்க மாட்டினப்பவும் ஓட்டிப் பாத்தேன் மச்சான். உருளை நின்னுச்சு. நாலு தடவ நின்னுச்சு."

"துணி போட்டியா?"

"போடல."

அப்போதுதான் அவருக்குக் காலைப் பேச்சு திரும்ப வந்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது. எல்லாத் துணிக்கும் ஒரே மாதிரிதானே நிக்கும். சட்டி சுட்டுடுச்சு. சட்டி எடுப்பவளுக்குக் கட்டைவிரலின் மேல்புறம் எப்படிச் சுடும்? நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபோன் போடு" என்றார் அண்ணன்.

"வேலை நேரத்துல அவ ஃபோனை வாங்கிப் பூட்டி வெச்சிடுவாங்க."

"ஆபீசுக்குப் போடு."

மணி வெகுநேரம் அடித்தது. மேனேஜர் எடுத்தார். பின்னால் இரைச்சல், நடுவில் விசில்.

"சார், அந்தத் தேய்க்கிற மெஷினை நிறுத்துங்க. பெட்டியில ஒரு கோளாறு."

"என்ன கோளாறு? நல்லாத்தான் ஓடுது."

"ஓடுது சார். நிக்காது. கனமான துணி போட்டா நிக்காது."

"காலையிலேருந்து நின்னு நின்னுதான் ஓடுது. இங்க பாருங்க, மழையில எதுவும் காயல. பிழியற மெஷின் வேற பாதிதான் பிழியுது. நானூறு கம்பளி, ஆஸ்பத்திரி வண்டி ரெண்டு மணிக்கு வருது. சாயங்காலம் வந்து பாருங்க."

"சார், கம்பளி போடாதீங்க. கம்பளி மட்டும்..."

வைத்துவிட்டார். மறுபடி அடித்ததற்கு யாரும் எடுக்கவில்லை.

அண்ணனின் ஸ்கூட்டரில் போனார்கள். சாக்கடை வழிந்து தெருவோடு ஓடியது. எது பள்ளம் எது தார் என்று தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பல்பு ஒரு கையால் வண்டிக் கம்பியைப் பிடித்திருந்தார். மற்றக் கை சட்டைப்பைக்குள் இருந்தது, அதில் அந்த வெடித்த டயோடு. ஏன் எடுத்து வந்தோம் என்று அவருக்கே தெரியாது. அதன் கூரான விளிம்பை விரலால் அமுக்கிக்கொண்டே வந்தார்.

"வேகமாப் போங்க மச்சான்."

"போறேன். தண்ணிக்குள்ள முறுக்கினா இங்கேயே படுத்துக்கும் வண்டி."

"அவ இடது கையில டம்ளர் புடிச்சிருந்தா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. போங்க."

சுருக்கம் விழும்போதுதான் துணி மடங்கிக் கனக்கும். கனக்கும்போதுதான் பாரம் ஏறும். பாரம் ஏறும்போதுதான் கதவு மூடாது. அதாவது வெறும் உருளைக்கு நிற்கும், மெல்லிய விரிப்புக்கு நிற்கும். கையை உள்ளே விடவேண்டிய நேரத்தில் மட்டும் நிற்காது. இப்படி ஒரு பெட்டியை வேண்டுமென்று செய்யச் சொல்லியிருந்தால்கூட அவருக்குச் செய்ய வந்திருக்காது.

சலவைக்கூடத்தின் கேட்டில் காவலாளி மறித்தான். அண்ணன் அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வண்டியை அவன் காலருகில் சாய்த்தார். அவன் குதித்து விலகிய இடைவெளியில் பல்பு உள்ளே ஓடினார். கூடத்துக்குப் போகும் வழியில்தான் சாப்பாட்டு அறை. திறந்த கதவு வழியே பார்த்தார்.

அவள் உட்கார்ந்திருந்தாள். பருப்புச் சோறு, பாதி முட்டை. வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விரல்களை எண்ணினார். எண்ணியது அவருக்குத் தெரிந்தது. ஐந்தும் இருந்தன. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்னங்க? இப்படி நனைஞ்சு... யாருக்கு என்ன?"

"கம்பளிக்கு நிக்கலைதானே?"

அவள் கை தட்டில் நின்றது.

"நிக்கலைதானே? சொல்லு."

"நிக்கல."

"எத்தனை நாளா?"

"முந்தாநாள்லேருந்து. விரிப்பு மட்டும்தான் முதல்ல வந்துது. முந்தாநாள்தான் கம்பளி வந்துது. சைபர்ல வெச்சுட்டுக் கையை விட்டேன். இழுத்துச்சு. நகத்தோட போச்சு, எடுத்துட்டேன். அப்புறம் துணி கிளறுற கட்டையாலதான் நீவுறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"காலையில கேட்டேனே. என்ன சொன்னீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"விசில் அக்காகிட்ட நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன். நாலு நாள்ல கோளாறுன்னு போய் நின்னா, இனி உங்களை யாரு கூப்பிடுவா? நீங்க ரெண்டாவது பெட்டியை முடிச்சதும் அதைக் கொண்டாந்து இதுக்கு மாத்திக்கலாம்னு இருந்தேன்."

"ரெண்டாவதும் அப்படித்தான்."

அவருக்கு ஒரு நொடி அழவேண்டும்போல இருந்தது. அடுத்த நொடி அது நின்றது. கூடத்திலிருந்து உருளையின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இப்ப மெஷின்ல யாரு?"

"தையல்காரம்மா. போன வாரம் சேர்ந்தவங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் வர்ற வரைக்கும் விரிப்பு மட்டும் போடுங்கன்னு சொல்லிட்டு..."

"ஏன்னு சொன்னியா?"

அவள் எழுந்தாள். தட்டு கவிழ்ந்தது. அப்போது விசில் ஒலித்தது. கூடத்தில் விசில் ஒருமுறை ஒலித்தால் வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம், இரண்டுமுறை என்றால் ஆள் மாறு. இது நிற்காமல் ஒலித்தது, ஊதுகிறவரின் மூச்சு முடியும்வரை.

ஓடினார்கள். ஆவி மண்டிய கூடத்தில் முதலில் தெரிந்தது தையல்காரம்மாவின் முதுகு. இயந்திரத்தின்மேல் கவிழ்ந்து படுத்ததுபோல் இருந்தாள். சாம்பல் நிறக் கம்பளி இரட்டையாக மடங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதோடு அவள் சட்டைக் கையும், கையும். இடது கை குமிழைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தது. அதற்குமேல் திரும்ப இடமில்லை. அவள் கத்தவில்லை. "நில்லு நில்லு நில்லு" என்று ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். விசில் அக்கா அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு, வாயிலிருந்து விசிலை எடுக்காமல் ஊதினார்.

பல்புவின் மனைவி குமிழுக்குத்தான் பாய்ந்தாள். அது வேலை செய்யாது என்று அந்தக் கூடத்து ஆட்களில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் கையும் அங்கேதான் போனது. தூசி படிந்த சிவப்புப் பொத்தான் யார் நினைவுக்கும் வரவில்லை. அவர் சுவருக்கு ஓடினார். மெயின் கைப்பிடிக்கு முன்னால் அழுக்குத்துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூட்டைமேல் ஏறி, சறுக்கி, தொங்கியபடி கைப்பிடியை இழுத்தார்.

எல்லாம் நின்றது. விசில் மட்டும் ஒரு நொடி அதிகமாக ஒலித்துவிட்டு நின்றது. பிறகு கூரைமேல் மழைச்சத்தம்.

பின்னாலேயே ஓடிவந்த அண்ணனும் இன்னும் இரண்டு ஆட்களும் பெல்ட்டைப் பிடித்து உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினார்கள். கை வெளியே வந்தது. மூன்று விரல்கள் வெந்து, தட்டையாகி, யாருடையதோ போல இருந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். ஈரத்துணியில் சுற்றி அவளை உட்காரவைத்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி முன்னாடியே வந்து வாசலில் நின்றிருந்தது, கம்பளி எடுத்துப்போக. அதிலேயே ஏற்றினார்கள். ஏறும்போது அவள் விசில் அக்காவிடம் சொன்னாள்:

"நான்தான் சரியாத் திருப்பலை போலக்கா. சைபருக்கு வந்திருக்காது."

"எத்தனை தடவ சொன்னேன், நாபைப் பாத்துட்டுக் கையை விடுன்னு" என்றார் விசில் அக்கா. திட்டவில்லை. அழுதுகொண்டே சொன்னார்.

வண்டி போனது. மாடிப்படியிலிருந்து மேனேஜர் இறங்கினார்.

"புது ஆளை யாரு நிறுத்தினது மெஷின்ல? சரி, சரி. மெயினைப் போடுங்க. தகடு ஆறிடும். இன்னும் இருநூறு இருக்கு."

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பல்புவின் கை கைப்பிடியிலேயே இருந்தது. ஃபோனில் சொன்னதை மேனேஜரும் இப்போது நினைத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நினைக்காததுபோல் அவர் வேறுபக்கம் பார்த்ததும் தெரிந்தது. தையல்காரம்மாவே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். பெட்டியை இன்று சாயங்காலம் கழற்றிக்கொண்டு போய், எங்கிருந்தாவது ஒரு டயோடு தேடி மாட்டிவிட்டால் நாளைக்கு எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். பெட்டி எல்லாத் துணிக்கும் நிற்கும். அப்புறம் யார் எப்படிச் சோதித்தாலும் குமிழ்தான் சரி, கைதான் தப்பு. இதெல்லாம் அவர் மனதில் ஓடியது. ஓடவில்லை என்று சொல்ல முடியாது. சட்டைப்பைக்குள் டயோடு நெஞ்சில் குத்தியது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட வேண்டாம்" என்றார் பல்பு. அதற்குமேல் அவருக்கு வரவில்லை.

"ஏன்?"

"கொஞ்சம்... பாக்கணும்."

"என்னத்தைப் பாக்கணும்?"

"போடுங்க" என்றாள் அவர் மனைவி.

இயந்திரத்தின் முன்னால் தன் இடத்தில் நின்றிருந்தாள். கையில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தது. அவர் அவளையே பார்த்தார்.

"போடுங்கன்னு சொன்னேன்ல."

குமிழ் சைபரில்தான் இருந்தது. கைப்பிடியைத் தள்ளினார். விளக்குகள் வந்தன. அவள் குனிந்து கூடையிலிருந்து ஒரு கம்பளியை எடுத்தாள். தண்ணீர் சொட்டியது. அதை இரண்டாக மடித்தாள், மறுபடி மடித்தாள். குமிழை ஏற்றினாள். உருளை கம்பளியின் விளிம்பைக் கவ்வி இழுத்தது, மோட்டார் உறுமியது.

"அக்கா, எல்லாரும் பாருங்க."

குமிழைச் சைபருக்குக் கொண்டுவந்தாள். ஒருதரம் தட்டிக் காட்டினாள், அங்கேதான் இருக்கிறது என்று. பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள்.

உருளை நிற்கவில்லை. பாதி வேகத்தில் கம்பளியை உள்ளே இழுத்துக்கொண்டே போனது. தண்ணீர் தகட்டில் பட்டுச் சீறியது. கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். இருபது வருஷமாகச் சைபர் என்றால் கையை விடலாம் என்று நம்பியவர்கள். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

"முந்தாநாள்லேருந்து எனக்குத் தெரியும்" என்றாள். துணி சுற்றிய கட்டைவிரல் எல்லார் கண்ணுக்கும் நேரே இருந்தது. "அவங்க சரியாத்தான் திருப்பினாங்க."

விசில் அக்காவின் வாய் கோணியது. "ஏண்டி சொல்லல?"

"எங்க வீட்டுக்காரர் போட்ட பெட்டிக்கா."

பல்பு மூட்டையிலிருந்து இறங்கினார். கருகிய டயோடை எடுத்து மேனேஜர் முன்னால் நீட்டினார். "இது இல்லாமப் போட்டுட்டேன்" என்றார். யாரும் வாங்கவில்லை. நீட்டிய கையோடு நின்றார்.

கம்பளியின் கடைசி விளிம்பும் உள்ளே போயிற்று. அந்தப் பக்கம் வாங்க ஆளில்லாமல் தரையில் விழுந்தது. பாரம் போனதும் உருளை, அதுவரை சொன்னபடியெல்லாம் கேட்டு நடந்ததுபோல, மெல்லத் தளர்ந்து தானாகவே நின்றது.

அவள் இன்னும் கைகளை இறக்கவில்லை.